பல்லி மார்க்

மேற்குத் தாம்பரம்
15.1.1989

அன்புள்ள லாசரஸ் அண்ணாவுக்கு, தங்கை அமலராணி எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக் கட்சி நடத்துகிறது. உன் உடம்பு எப்படி? மஸ்கட்டில் குளிர் விட்டதா?

முதலில் நல்ல செய்தி. உன் தங்கை இனிமேல் டாக்டர் அமலராணி. பட்டம் வந்த மறுநாளே எதிர் வீட்டு தனம் அக்கா, குழந்தைக்கு இருமல் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை அக்கா, டியூப்லைட் டாக்டர் என்றேன். "அப்ப எங்கூட்டு டியூப்லைட்டுக்கு ஒரு ஊசி போடேன். பொழுது போனா கண்ணத் தொறக்க மாட்டேங்குது" என்றாள்.

அவள் சொன்னதுதான் என் ஆராய்ச்சியே. நம் பக்கத்துக் கரண்டின் லட்சணம் உனக்குத் தெரியும். மாலையில் எல்லோரும் மோட்டார் போட்டதும் வோல்டேஜ் விழுந்துவிடும். இரும்பு சோக் போட்ட டியூப்லைட் ராத்திரிச் சாப்பாடு வரை கண்ணடித்துக்கொண்டே இருக்கும். நான் செய்திருக்கும் எலக்ட்ரானிக் சோக் நூற்றுப்பத்து வோல்ட்டிலும் சுவிட்ச் போட்டதும் எரிகிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி முடிந்தால் கறுப்பு அட்டை போட்டு, தங்க எழுத்து அடித்து, நூலகத்தில் அடுக்குவதோடு சரி. என் வழிகாட்டி தோத்தாத்ரி சார், "கண்டுபிடித்தவளே கம்பெனி ஆரம்பித்துத் தயாரிக்கட்டும், உரிமையை அவளுக்குக் கொடுங்கள்" என்று எழுதிக் கேட்டுவிட்டார். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அதனால் எந்த விதியைக் காட்டி மறுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இதற்குள் இரும்பு சோக் விற்கிற ஒரு பெரிய கம்பெனியும் அதே உரிமையைக் கேட்டு வந்திருக்கிறது. வாங்கிப் பூட்டி வைக்கத்தான், வேறெதற்கு?

கடைசியில் உதவிப் பதிவாளர் சுந்தரராமன் ஒரு நிபந்தனை போட்டார். ஒரே பேட்டையில் நூறு விளக்கு மாட்ட வேண்டும். ஆகஸ்ட் முடியும் வரை எரிய வேண்டும். அதில் ஐந்து கெட்டால் உரிமை பெரிய கம்பெனிக்குப் போய்விடும். கெடாவிட்டால் எனக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் நிரந்தர விரிவுரையாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூனில் சேர வேண்டும். இரண்டு குதிரையில் ஏற முடியாது. நீ என்ன சொல்கிறாய்? முடிச்சூர் அந்தோணிசாமி அண்ணன் அங்கே திரும்புகிறார். அவரிடம் ஒரு சோக் கொடுத்தனுப்புகிறேன். உன் அறையில் மாட்டிப் பார்.

அம்மா ஜெபமாலையோடு உன்னை விசாரிக்கிறாள்.

உன் அன்புத் தங்கை,
ராணி


மஸ்கட்
9.2.1989

டாக்டர் ராணிக்கு அண்ணன் லாசரஸின் ஆசீர்வாதம். கடவுள் கிருபையால் சௌக்கியம். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், அந்தக் கட்சியோடு சமாதானமாகப் போகச் சொல்.

உன் சோக் வந்தது. கேம்ப்பில் ஜெனரேட்டர் கரண்ட். எல்லோரும் ஏ.சி. போட்டால் மற்ற அறைகளில் விளக்கு அழுது வடிகிறது, என் அறையில் மட்டும் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். மலையாளத்துக்காரர்கள் ஊர்க் கடிதம் படிக்க என் கட்டிலுக்கு வந்துவிடுகிறார்கள். என் தங்கச்சி செய்தது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

ஆனாலும் ராணி, கல்லூரி வேலையை விடாதே. ஃபோர்மன் லாசரஸ் சொல்கிறான், கேட்டுக்கொள். விளக்கை யார் செய்தாலும் எரியும். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற நாற்காலி எல்லோருக்கும் கிடைக்காது.

அம்மாவுக்கு முத்தங்கள்.

லாசரஸ்


மேற்குத் தாம்பரம்
20.3.1989

பாசமுள்ள அண்ணா, நலம்தானே? நாங்கள் நலம். தைலம் வேலை செய்கிறது. அம்மா கோயிலுக்கு நடந்தே போகிறாள்.

நூறு விளக்கும் மாட்டியாயிற்று! நம் தெருவும் பின்னால் இரண்டு தெருவும். சுப்புலட்சுமி டீச்சர் வீட்டுக் கார் ஷெட்டுதான் என் தொழிற்சாலை. தனம் அக்காவும் பக்கத்து வீட்டு எல்லம்மாவும் சோக்குக்குள் வைக்கும் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறார்கள். எல்லம்மா சுற்றும் வேகத்தைப் பார்த்து தோத்தாத்ரி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நேற்று மாலை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போடச் சொன்னோம். அண்ணா, மூன்று தெருவும் எரிந்தன. ஒன்றுகூட கண்ணடிக்கவில்லை. மூலை வீட்டு அங்காளம்மா, கோவளத்தில் மீன் எடுத்து வந்து நம் மார்க்கெட்டில் விற்பாளே, அவள் வாசலில் நின்று, "இன்னா கண்ணு இது, பட்டப்பகல் மாரி கீது! நேத்து மீனை இன்னிக்கு மீனுன்னு இனிமே விக்க முடியாது போல" என்றாள். தெருவே சிரித்தது. நான் ஷெட்டுக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

வேலை விஷயமாக நீ சொன்னதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கோபப்படாதே.

ராணி


மஸ்கட்
28.4.1989

ராணிக்கு, நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

அறை மாறியிருக்கிறேன். இனிமேல் அந்தோணிசாமி மேல்பார்வை என்று விலாசம் போடு.

கல்லூரி வேலையில் சேர்ந்துவிடு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கம்பெனி கம்பெனி என்கிறாய். இன்றைக்கு போர்டு மாட்டுவான், நாளைக்குக் கழற்றிக்கொண்டு போவான், நின்றவன் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். வீட்டில் ஒருவருக்காவது அசையாத வேலை இருக்க வேண்டும்.

வேறு விசேஷமில்லை.

லாசரஸ்


மேற்குத் தாம்பரம்
29.5.1989

அண்ணா, உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அறை ஏன் மாறியது?

உன்னிடம் மறைக்க மாட்டேன். கல்லூரிக்கு வரவில்லை என்று பதினைந்தாம் தேதி எழுதிப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "மாதாவிடம் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

எழுதிப் போட்ட அதே வாரம் விளக்குகள் செத்தன. முதலில் டீச்சர் வீட்டில். அப்புறம் பின் தெருவில் தாமோதரன் வீட்டில். மூன்றாவது அங்காளம்மா வீட்டில், அதுவும் அவள் சரியாக அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போது. பட்டென்று சத்தம். விளக்கு அணைந்தது. மேலேயிருந்து செத்த பல்லி ஒன்று அவள் தலையில் விழுந்தது.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் பல்லி வேலை. இல்லை, என் வேலை. சோக் சூடாகாமல் இருக்கட்டும் என்று பெட்டியின் இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டை போட்டது நான்தான். அதைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். எங்கள் பரிசோதனைச் சாலையில் ஜன்னலுக்கெல்லாம் வலை, பல்லியே கிடையாது. நம் வீடுகளில் டியூப்லைட்டுக்குப் பின்னால் எது குடியிருக்கும் என்று பிறந்ததிலிருந்து பார்க்கிறவள் நான். எனக்குத் தோன்றவே இல்லை. கதகதப்பான வீடு, வாசல் வைத்துக் கட்டிக் கொடுத்தால் பல்லி வராமல் என்ன செய்யும்?

ஆனால் தெருவில் பேச்சு வேறு. பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார்கள். "தலையில பல்லி வுழுந்தா கலகம்னு போட்டுக்கீது. அதுவும் செத்த பல்லி. இந்த லைட்டு பல்லியக் கொல்லுது, பாவம் நம்ம தலையிலதான் வுழும்" என்று அங்காளம்மா அழுகிறாள். எல்லா வீட்டிலும் விளக்கைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். நூறும் இறங்கிவிட்டால் பரீட்சையே கிடையாது.

ஒரு வரியாவது எழுது.

ராணி


மேற்குத் தாம்பரம்
2.7.1989

அண்ணா, உன்னிடமிருந்து கடிதமே இல்லை. கல்லூரியை விட்டதற்குக் கோபம் என்றால் திட்டியாவது எழுது. அம்மா தினமும் தபால்காரரின் பையைப் பார்க்கிறாள்.

இங்கே நடந்ததைக் கேள். ஓட்டையை அடைத்து, பெட்டி நிறையத் தார் ஊற்றிவிட்டால் பல்லி மட்டுமல்ல, எறும்புகூட நுழையாது. சூடும் தகரத்தின் வழியாக வெளியே போய்விடுகிறது. அத்தியாயத்தை அடித்துவிட்டு இதை முதலிலேயே செய்திருக்கலாம். திருத்த அனுமதி கேட்டுப் போனால் சுந்தரராமன், "திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கெட்டது கெட்டதுதான், கணக்கில் நிற்கும்" என்றார். அதற்குள் நான்காவதும் போயிருந்தது. இனி ஒன்று அணைந்தாலும் போச்சு.

தார் தயார். தெருதான் தயாராக இல்லை. ஏணியோடு போனால் கதவைச் சாத்துகிறார்கள். தோத்தாத்ரி சாரிடம் சொல்லிப் புலம்பினேன். எலக்ட்ரானிக்ஸில் முப்பது வருஷப் பேராசிரியர், ஒரு நிமிஷம் யோசித்தார். "இதற்குச் சர்க்யூட்டில் வழி கிடையாதம்மா. காஞ்சிபுரத்தில் இருக்கிறது" என்றார்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இருக்கிறதல்லவா? அதைத் தொட்டால் பல்லி தோஷம் போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தாம்பரத்தில் பஸ் பிடித்தோம். அங்காளம்மா, டீச்சர், தாமோதரன் குடும்பம், எல்லம்மா, நெற்றி நிறைய நாமத்தோடு தோத்தாத்ரி சார். வழியெல்லாம் அங்காளம்மா என்னோடு பேசவில்லை.

நான் வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருந்தேன். எல்லோரும் தொட்டுவிட்டு வந்தார்கள். அங்காளம்மா நேராக என்னிடம் வந்தாள். "கைய குடு கண்ணு" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கும் சேத்து தொட்டுட்டு வந்துக்கீறேன். வேணும்னேவா கொன்ன? வெகுளிப் பொண்ணு நீ."

மறுநாள் ஏணியை அவளே பிடித்துக்கொண்டாள். தொண்ணூற்றாறு பெட்டியையும் மாற்றியாயிற்று. கெட்டுப்போன நான்கு இடத்திலும் புதிதாக மாட்டியாயிற்று, அவையும் கணக்கில் உண்டு.

சேட்டு அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து வீட்டுக்கு வந்திருந்தார். "லாசரஸ் எப்படி இருக்கான்?" என்று அம்மா கேட்டாள். "அவருக்கு இன்னாம்மா, ஜோரா கீறாரு" என்றார், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு. நான் அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டேன்.

சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடு அண்ணா. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

ராணி


மஸ்கட்
24.7.1989

என் ராணிக்கு, இயேசுவுக்கே புகழ். நான் சுகம், உண்மையாகவே சுகம். கோபமெல்லாம் இல்லை. எழுத உட்கார்ந்தால் ஏனோ கை ஓடவில்லை.

காஞ்சிபுரம் கதையை அறையில் சத்தமாகப் படித்தேன். எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். செருப்புக்குக் காவல் இருந்த முதல் டாக்டர் பட்டக்காரி நீதான். பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டாயா, அல்லது அவரும் வந்து தொட்டாரா?

நீ கொடுத்த சோக்கில் இன்னும் ஓட்டை இருக்கிறது. இங்கே பல்லிக்கு விசா கிடைக்கவில்லை போல, இன்றுவரை எரிகிறது. எந்த அறைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் மாட்டுகிறேன்.

கல்லூரியைப் பற்றி இனிப் பேச மாட்டேன். வேலையை விட்டாயிற்று, இனி ஜெயித்தே ஆக வேண்டும். ஜெயித்துவிடு.

லாசரஸ்


மேற்குத் தாம்பரம்
1.9.1989

அண்ணா! நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் இதைக் கேள். உரிமை எனக்கு!

ஆடிக் காற்றில் கம்பி அறுந்தது, கரண்ட் போய்ப் போய் வந்தது, ஒரு தடவை வோல்டேஜ் எகிறி டீச்சர் வீட்டு மிக்ஸியே புகைந்தது. விளக்குகள் அசையவில்லை. நேற்று ஏழு மணிக்குக் குழு வந்தது. சுந்தரராமன் கையில் சொந்தமாக ஒரு வோல்ட்மீட்டர். பெரிய கம்பெனிக்காரர் ஒருவரும் டை கட்டிக்கொண்டு கூடவே. மீட்டர் நூற்றுப்பதினான்கு காட்டியது. தெருத்தெருவாக நடந்தார்கள். வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்து சுந்தரராமன் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். பின் தெருக்கள் முடிந்தன. நம் தெருவும் முடிகிற நேரம். மூலை வீடு இருட்டு.

அங்காளம்மா வீடு. டைக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். "ஐந்து" என்று சுந்தரராமன் பென்சிலை எடுத்தார். தோத்தாத்ரி சார் என் தோளில் கை வைத்தார்.

உள்ளேயிருந்து அங்காளம்மா பட்டுப்புடவையில் வருகிறாள். "இன்னா எல்லாரும் எழவு வூட்டுக்கு வந்த மாரி நிக்கிறீங்க? உள்ள வாங்க சார்."

"விளக்கு ஏம்மா எரியலை?" என்றார் சுந்தரராமன்.

"போட்டாத்தானே எரியும்? ஆபீசருங்க வந்தப்பறம் என் கையால போடணும்னு சாயங்காலத்துலேந்து இருட்டுல குந்திகினு கீறேன்."

சுவிட்சைத் தட்டினாள். வீடு பளிச்சென்றது. வெளிச்சத்துக்குப் பயந்து கூரையிலிருந்து ஒரு பல்லி, உயிருள்ள பல்லி, தொப்பென்று சுந்தரராமனின் தோளில் விழுந்து, அவர் சட்டை வழியாக இறங்கி ஓடியது. மனிதர் சிலையாகிவிட்டார்.

அங்காளம்மா கை தட்டினாள். "தோளா? தோள்ல வுழுந்தா ஜெயம் சார்! பஞ்சாங்கத்துல போட்டுக்கீது!"

சுந்தரராமன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். இத்தனை மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, நேற்று சிரித்தார். "ஜெயம் யாருக்கும்மா? எனக்கா, இவங்களுக்கா?"

"லைட்டு யாருதோ அவங்களுக்கு!"

பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "நான்குதான்" என்றார். டைக்காரரைத் தெருவில் அப்புறம் யாரும் பார்க்கவில்லை. தெரு முழுக்க அங்காளம்மா கையால் வஞ்சிரக் குழம்பு. தோத்தாத்ரி சாருக்கு டீச்சர் வீட்டில் தயிர்சாதம்.

கம்பெனிக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றேன். தெரு எப்போதோ வைத்துவிட்டது. கடையில் போய், "அந்தப் பல்லி சோக்கு இருக்கா?" என்று கேட்கிறார்களாம். ஆகவே, பல்லி மார்க். பல்கலைக்கழகத்தின் அலமாரியிலிருந்து கடைத்தெருவுக்கு வந்த முதல் ஆய்வேடு என்னுடையது அண்ணா. சந்தோஷத்தில் எனக்குத் தலை கால் புரியவில்லை. இப்போது சொல், நீ எப்படி இருக்கிறாய்?

ராணி


பல்லி மார்க் எலக்ட்ரானிக்ஸ்
மேற்குத் தாம்பரம்
10.10.1989

திரு. லாசரஸ் அவர்களுக்கு,

பொருள்: பணி நியமனம்.

கூடுவாஞ்சேரியில் மனை போட்டு வீடு கட்டும் திரு. துரை அவர்கள், தமது புதிய வீடுகள் அனைத்துக்கும் எங்கள் விளக்குகளையே கேட்டிருக்கிறார். செங்கல்பட்டுக் கடைக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். கார் ஷெட்டு போதாமல் சானடோரியத்தில் கட்டடம் எடுத்திருக்கிறோம். தாங்கள் எங்கள் நிறுவனத்தின் உற்பத்தி மேற்பார்வையாளராக உடனே பொறுப்பேற்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இது நிரந்தரப் பணி.

டாக்டர் அமலராணி,
நிர்வாகப் பங்குதாரர்

அண்ணா, டைப் அடித்தது அவ்வளவுதான். இது என் கை.

சேட்டு அண்ணன் அன்றைக்குத் தெருமுனையில் எல்லாம் சொல்லிவிட்டார். மார்ச்சிலேயே உங்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள், அந்தோணிசாமி அண்ணன் அறையில் ஒண்டிக்கொண்டு தினக்கூலிக்குப் போகிறாய் என்று. நீ சொல்ல விரும்பவில்லை என்பதால் நான் கேட்கவில்லை. அப்போது கேட்டிருந்தால் என்னால் என்ன கொடுத்திருக்க முடியும், கண்ணீரைத் தவிர? இப்போது கொடுக்க ஒரு நாற்காலி இருக்கிறது. பாவம் பார்த்துக் கூப்பிடவில்லை. உன்னை மாதிரி ஃபோர்மன் வேண்டுமென்று விளம்பரம் கொடுக்கவிருந்தேன். தோத்தாத்ரி சார், "வீட்டிலேயே ஒருவர் இருக்கும்போது விளம்பரம் எதற்கு?" என்றார்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ வந்து நின்றால் போதும், அவள் எதுவும் கேட்க மாட்டாள்.

ராணி


மஸ்கட்
3.11.1989

நிர்வாகப் பங்குதாரர் அவர்களுக்கு,

பணி நியமனம் கிடைத்தது. ஏற்றுக்கொள்கிறேன்.

ராணி, இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு நாள் ஆயிற்று. என் கம்பெனி போர்டைக் கழற்றியபோது எனக்குக் கிலி பிடித்துவிட்டது. அந்தக் கிலியைத்தான் உனக்குப் புத்திமதி என்று எழுதிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் ஒரு கல்லூரி நாற்காலிதான் இருந்திருக்கும்.

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் காட்டினேன். அந்தோணிசாமி தேள் கொட்டினவன் மாதிரி குதித்தான். "மச்சான், ஒரு தங்கச்சி அண்ணனுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அனுப்பி எங்கயாவது கேட்டிருக்கியா?" என்றான். இரண்டு பேரும் அழுதோம், அதை அம்மாவிடம் சொல்லாதே.

பெட்டி கட்டியாயிற்று. அதிகமாக ஒன்றும் இல்லை. உன் சோக்கைக் கழற்றிச் சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். ஓட்டையை அடைக்கும் முதல் வேலை அதிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

இருபதாம் தேதி வருகிறேன். மீனம்பாக்கத்தில் இறங்கி மின்சார ரயில் ஏறித் தாம்பரம் வர ஏழு மணி ஆகும். வோல்டேஜ் விழுகிற நேரம். முன்பெல்லாம் லீவில் வந்தால் அந்த நேரத்துக்குத் தெருவே இருட்டாக இருக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தடவித் தடவித்தான் நடப்பேன். இந்தத் தடவை ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். எல்லா வீட்டிலும் விளக்கைப் போட்டு வையுங்கள். வெளிச்சத்தைப் பார்த்தே நான் வீட்டுக்கு வந்து சேருகிறேன்.

அம்மாவுக்கும் உனக்கும் என் முத்தங்கள்.

தங்கள் கீழ்ப்படிந்த மேற்பார்வையாளர்,
அண்ணன் லாசரஸ்